டிரெய்லர் சக்கரம் கொதிக்கிறது, நாளைக்கு நெல் ஏற்ற வேண்டும், உதவுங்கள்

சோழவந்தான் வயல்காரன் (இரவு 8.10)
வணக்கம். டிரெய்லர் சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. போன வாரம்தான் பேரிங் மாற்றி கிரீஸ் வைத்தது. காலையில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோக டோக்கன் வாங்கியாகிவிட்டது. என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

மேலூர் டிப்பர் (8.16)
எந்தச் சக்கரம் அண்ணே? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? டயர் சூடா, நடுவில் பேரிங் உட்காரும் குடம், அதாவது ஹப் சூடா? எத்தனை கிலோமீட்டர் ஓடியதும் சூடாகிறது? பிரேக் வைத்த டிரெய்லரா?

உசிலம்பட்டி லோடு (8.19)
லோடுதான் காரணம். எத்தனை மூட்டை ஏற்றினீர்கள்?

சோழவந்தான் வயல்காரன் (8.31)
100 மூட்டை. சூடு இடது பக்கச் சக்கரத்தில் மட்டும்.

உசிலம்பட்டி லோடு (8.33)
40 கிலோ மூட்டையா, 75 கிலோ மூட்டையா? 40 என்றால் 4 டன். 75 என்றால் ஏழரை டன். எந்த மூட்டை என்று சொல்லாமல் எப்படி அண்ணே பதில் சொல்வது? டயரில் காற்று குறைந்திருந்தாலும் சூடு ஏறும்.

திருமங்கலம் ஸ்பேர்ஸ் (8.37)
பேரிங் போலியாக இருக்கும். இப்போது டப்பா, முத்திரை எல்லாம் அசல் மாதிரியே வருகிறது. பில் வாங்கினீர்களா?

முப்பது வருடப் பட்டறை (8.45)
ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பாதீர்கள். லோடு அதிகம் என்றால் இரண்டு பக்கமும் சூடாகும். அவர் இடது பக்கம் மட்டும் என்கிறார், அதைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். பேரிங் மாற்றிய கொஞ்ச நாளிலேயே சூடானால் நூற்றுக்குத் தொண்ணூறு, பேரிங்கை அச்சில் பிடிக்கும் நட்டு இறுக்கம்தான். இது பட்டறையில் முதல் வாரமே பையனுக்குச் சொல்லித்தரும் பாடம். தம்பி, நட்டை யார் முடுக்கியது? எதை வைத்து முடுக்கினார்?

சோழவந்தான் வயல்காரன் (8.58)
மச்சான்தான் மாட்டினார். ஸ்பேனரில் பைப் போட்டு நன்றாக இறுக்கினோம், கழன்றுவிடக் கூடாது என்று.

முப்பது வருடப் பட்டறை (9.04)
அதேதான். டேப்பர் பேரிங்கில், அதாவது கூம்பு உருளை வைத்த பேரிங்கில், அப்படி இறுக்கினால் உருளை சுற்ற இடமே இல்லாமல் தேயும். கிரீஸ் உருகி ஓடும். அப்புறம் ஒருநாள் சக்கரம் தனியாகக் கழன்று ஓடும். இப்போதே செய்யுங்கள், ஆனால் ஹப் தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள். மறு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லை அண்டக் கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, அச்சுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். ஹப் மூடியைத் திறந்து, நட்டைப் பூட்டியிருக்கும் பின்னை உருவி, நட்டை முதலில் தளர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை முடுக்குங்கள். சுற்று கனமாகிற இடத்தில் நிறுத்தி, ஒரு காடி (நட்டில் பின் நுழையும் வெட்டு) பின்னால் தளர்த்திப் புதுப் பின் போடுங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், லொடலொட என்று ஆடக் கூடாது.

மேலூர் டிப்பர் (9.09)
அண்ணன் சொல்வது சரி. ஆனால் ஏற்கனவே கொதித்த பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டுவது ஆபத்து. உருளையோ, அது ஓடும் வெளி வளையமான கப்போ நீலம் பூத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கப்பையும் சேர்த்து மாற்றினீர்களா, பழைய கப்பிலேயே புது உருளையா? பழைய பேரிங் எதனால் போனது?

சோழவந்தான் வயல்காரன் (9.15)
தெரியவில்லை. துருப்பிடித்திருந்தது. லோடு இறக்கிவிட்டு வரும்போது வாய்க்காலில் இறக்கிக் கழுவுவோம்.

மேலூர் டிப்பர் (9.20)
அப்படியானால் பழையது போன காரணம் அதுதான் அண்ணே. ஓடிச் சூடான ஹப்பைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிரீஸை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையமான சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள். சீலையும் பாருங்கள். சுருள் கம்பி இருக்கும் பக்கம் கிரீஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

திருமங்கலம் ஸ்பேர்ஸ் (9.26)
மஞ்சள் கிரீஸ் போட்டிருந்தால் கொதிக்கத்தான் செய்யும். கறுப்பு கிரீஸ் போடுங்கள்.

முப்பது வருடப் பட்டறை (9.30)
நிறத்தைப் பார்த்து கிரீஸ் வாங்கச் சொல்வது கடைக்காரர் பேச்சு. நிறம் சாயத்தாலும் வரும். டப்பாவில் லித்தியம் என்றும், கெட்டித்தன்மை 2ஆம் நம்பர் என்றும் போட்டிருக்கிறதா, அதைப் பாருங்கள். பழையதை டீசலில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் புதியதை வையுங்கள். வேறு வேறு வகை கலந்தால் இளகி ஓடிவிடலாம்.

திருமங்கலம் ஸ்பேர்ஸ் (9.34)
கடைக்காரர் என்றால் அறிவு இல்லையா? எங்களிடம் வாங்கித்தானே உங்கள் பட்டறை ஓடுகிறது? ஹப் நிறைய அடைத்தால் போதும், எந்த கிரீஸும் நிற்கும்.

முப்பது வருடப் பட்டறை (9.37)
நிறைய அடைத்தால் கடைந்து கடைந்து அதுவே சூடாகும். உருளைகளுக்குள் உள்ளங்கையால் அழுத்தி ஏற்றிவிட்டு, ஹப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வைத்தால் போதும்.

அலங்காநல்லூர்க்காரன் (9.50)
சண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கேளுங்கள். நெல் சீசனில் இரவில் ஓட்டுகிற எத்தனை டிரெய்லரில் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது? என் பங்காளி பையன் நான்கு வழிச்சாலையில் நின்ற டிரெய்லரில் மோதித்தான் போனான். 19 வயது. ரிஃப்ளெக்டர்கூட இல்லை. கிரீஸ் வைக்கிற கையோடு பின்பக்கம் சிவப்பு ஒளிரும் பட்டையும் ஒட்டுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உசிலம்பட்டி லோடு (9.56)
மன்னிக்கவும் அண்ணே. என் வண்டியில் ஒரு பக்க விளக்கு எரியாமல் ஒரு மாதம் ஆகிறது. காலையில் முதல் வேலை அதுதான்.

முப்பது வருடப் பட்டறை (10.02)
வயர் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். டிரெய்லரில் கொக்கி வழியாக எர்த் எடுத்தால் துருவில் நின்றுவிடும். தனி வயர் இழுங்கள்.

சோழவந்தான் வயல்காரன் (மறுநாள் மாலை 5.40)
நட்டு இறுக்கம்தான். சீலும் கிழிந்திருந்தது, மாற்றியாகிவிட்டது. 12 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். நெல் இறக்கியாச்சு. எல்லோருக்கும் நன்றி.

மேலூர் டிப்பர் (5.52)
சந்தோஷம் அண்ணே. 50 கிலோமீட்டர் ஓடியதும் ஆட்டத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கப் மாற்றினீர்களா இல்லையா, அதைச் சொல்லவில்லையே?

மேலூர் டிப்பர் (இரண்டு நாள் கழித்து)
அண்ணே, கப்?