கிணற்று மட்டத்துக்கும் மழைக்கும் ஒட்டுறவு பார்த்தால் மூன்று விதமான விடை வருகிறது. எதை நம்புவது?

முருங்கைக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம். ஐந்து ஏக்கரில் முருங்கையும் தக்காளியும். ஒரே ஒரு திறந்த கிணறு, 70 அடி ஆழம், பாதிக்குக் கீழே முழுக்கப் பாறை.

2021 ஜூன் 1 முதல் அப்பா தினமும் விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவார். கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே இருந்தால் அரை அடி என்று போடுவார். பக்கத்துக் கட்டத்தில் மழை அளவு, மில்லிமீட்டரில். மழைமானி நான் வாங்கிக் கொடுத்தது. 2024 டிசம்பர் 31 வரை மொத்தம் 1310 நாள். போன மாதம் ஊருக்குப் போனபோது இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றிவிட்டேன்.

அப்பாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஐப்பசி மழை பெய்து எத்தனை நாளில் கிணறு ஏறும்? அது தெரிந்தால் தக்காளி நாற்று எப்போது விடுவது என்று துணிந்து முடிவு எடுக்கலாம். இரண்டு வருடம் முன்பு மழையை நம்பி நாற்று விட்டு, நடும் நேரத்தில் கிணறு ஏறாமல், பாதியைப் பிடுங்கிப் போட்டோம். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

நான் செய்தது இது. தினசரி மழைக்கும் அன்றைய ஆழத்துக்கும் ஒட்டுறவு (இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று −1 முதல் +1 வரை சொல்லும் அளவு) பார்த்தேன்: −0.05. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சரி, மழை சேர்ந்து சேர்ந்துதானே கிணற்றுக்கு வரும் என்று, 2021 ஜூனிலிருந்து மழையைக் கூட்டிக்கொண்டே வந்து அந்தக் கூட்டுத்தொகையோடு பார்த்தேன்: +0.71. அதாவது மழை கூடக் கூடத் தண்ணீர் ஆழத்துக்குப் போகிறது! அப்புறம் 2021 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் எடுத்து, அதே கூட்டுத்தொகையோடு பார்த்தேன்: −0.96. இது கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் இரண்டும் அப்படி வந்தபிறகு இதை மட்டும் எப்படி நம்புவது?

நான் படித்தது மெக்கானிக்கல். புள்ளியியல் கல்லூரியில் ஒரு பருவம் படித்ததோடு சரி. தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒட்டுறவுக்குப் போகும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, தேதி. வானிலைத் துறையில் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுவார்கள். அப்பாவும் காலையில்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் நோட்டில் 12ஆம் தேதி மழை என்று இருப்பது பெரும்பாலும் 11ஆம் தேதி சாயங்காலமும் ராத்திரியும் பெய்தது. ஒரு நாள் தள்ளிப்போனால் தினசரிக் கணக்கில் அது பெரிய தவறு.

இரண்டு, விட்டுப்போன நாட்கள். கல்யாணம், கோயில் என்று அப்பா வெளியூர் போன நாட்களை எப்படி நிரப்பினீர்கள்? மழைக் கட்டம் காலியாக இருந்தால் அது 0 இல்லை, தெரியாது என்று அர்த்தம். ஆழத்துக்கு முந்தைய நாள் எண்ணையே இழுத்து நிரப்பினால், மட்டம் நகரவே இல்லை என்று பொய்யாகச் சொன்ன மாதிரி ஆகும். காலியாகவே விடுங்கள். பைதான் மொழியின் பாண்டாஸ் நிரல் தொகுப்பில் கோர் என்ற ஒட்டுறவுக் கட்டளையைக் கொடுத்தால், காலியான ஜோடிகளை அதுவே ஒதுக்கிவிடும்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதினாறு வருடமாகக் கிணற்று மட்டத் தரவோடுதான் என் பிழைப்பு. ஒரே ஆள், ஒரே கயிறு, ஒரே நேரம் என்று 1310 நாள் அளந்த நோட்டு எனக்கு வாய்த்ததில்லை.

மூன்று எண்ணுமே கணக்காகச் சரிதான். கேட்ட கேள்விதான் மூன்றிலும் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உண்டியலில் தினமும் போடும் காசு ஒன்று. உண்டியலுக்குள் இருக்கும் மொத்தம் இன்னொன்று. மழை முதல் வகை: இன்று பெய்யும், நாளை இல்லை. கிணற்று மட்டம் இரண்டாம் வகை: நேற்று இருந்ததில்தான் கொஞ்சம் கூடும், குறையும். இன்று போட்ட காசை உண்டியலின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் −0.05. மழையை ஒப்பிட வேண்டியது மட்டத்தோடு இல்லை, மட்டம் எவ்வளவு மாறியது என்பதோடு.

இரண்டாவது எண்ணுக்கு வருவோம். கூட்டிக்கொண்டே போகும் மழை ஒருநாளும் இறங்காது. 2021 நவம்பரில் நம் மாநிலம் முழுக்கவே நல்ல மழை. உங்கள் கிணறும் அந்த டிசம்பரில் நிரம்பி, அதன்பிறகு மெல்ல மெல்ல இறங்கியிருக்கும். ஏறும் கோடு ஒன்று, ஆழம் கூடும் கோடு ஒன்று; இரண்டும் ஒரே பக்கம் போனால் ஒட்டுறவு பெரிதாக வரத்தான் செய்யும். இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. உட்னி யூல் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 1926இல் எழுதியது. 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் நடந்த கல்யாணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவற்றின் விகிதத்தையும், நாட்டின் இறப்பு விகிதத்தையும் எடுத்து ஒட்டுறவு பார்த்தார். 0.9512 வந்தது. இரண்டும் அந்த வருடங்களில் குறைந்துகொண்டே வந்தன, அவ்வளவுதான். மாதா கோயிலில் கல்யாணம் செய்தால் ஆயுள் குறையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் ஒரு படி ஏறு, பூ விழுந்தால் ஒரு படி இறங்கு. 50 தடவை. இன்னொரு காசில் அதேபோல இன்னொரு 50. இரண்டு காசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நின்ற படிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாதாரணச் சோதனையைப் போட்டால் முக்கால்வாசித் தடவை சம்பந்தம் இருக்கிறது என்றே சொல்லும். 1974இல் கிரேஞ்சர், நியூபோல்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் கணினியில் இப்படித்தான் காட்டினார்கள்.

காரணம், உங்களிடம் இருப்பது 1310 தனித்தனிச் சாட்சி இல்லை. இன்றைய மட்டம் நேற்றையதைத் திருப்பிச் சொல்கிறது. ஒரு தொடரின் இன்றைக்கும் நேற்றைக்கும் உள்ள ஒட்டுறவு க, இன்னொன்றுக்கு ச என்றால், உண்மையில் கையில் இருக்கும் சாட்சிகளைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்: நாட்களின் எண்ணிக்கையை (1 − க×ச) ஆல் பெருக்கி (1 + க×ச) ஆல் வகுக்க வேண்டும். இரண்டுமே 0.99 என்றால் 1310 நாள் சுருங்கி 13 ஆகிவிடும். பதின்மூன்றே சாட்சியை வைத்துக்கொண்டு 0.71 என்பது ஆடிப்போகிற எண். 2021இன் மூன்று மாதத்தில் இன்னும் மோசம், அந்த −0.96 கிட்டத்தட்ட ஒரே ஒரு சாட்சி: அந்த வருடம் மழை பெய்தது, கிணறு ஏறியது. அது நமக்கு முன்பே தெரியும்.

இனி செய்ய வேண்டியது. ஆழத்தை 70இலிருந்து கழித்து நீரின் உயரமாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குறி ஒவ்வொரு முறையும் தலையைச் சுற்ற வைக்கும். மாற்றத்தைத் தினசரி எடுக்க வேண்டாம். அப்பா அளப்பது அரை அடிக்கு. கழித்தால் பாதி நாள் 0, மீதி நாள் அரை என்று வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். வாரத்துக்கு ஒன்று எடுங்கள்: இந்த ஞாயிறு உயரத்திலிருந்து போன ஞாயிறு உயரத்தைக் கழியுங்கள், அதற்கு எதிரே அந்த வார மழை. 186 வாரம் கிடைக்கும். அப்புறம் மழையை ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று பின்னால் தள்ளித் தள்ளி ஒட்டுறவு பாருங்கள். எங்கே உச்சம் வருகிறதோ அதுதான் அப்பா கேட்ட விடைக்குக் கிட்டத்தில் இருக்கும். புள்ளியியலுக்கான ஆர் மொழியில், இப்படித் தள்ளித் தள்ளி ஒட்டுறவு பார்க்கும் சிசிஎஃப் கட்டளைக்கு முதலில் மழை, அடுத்து உயரம் என்று கொடுத்தால், மழை முந்திப் போவது எதிர்மறைத் தாமதமாக வரும். நான் முதல் வருடம் இதில் தலைகீழாகப் படித்து ஓர் அறிக்கையே கொடுத்திருக்கிறேன்.

முப்பது நாற்பது தாமதத்தைத் தேடி அதில் பெரியதைப் பொறுக்கி எடுக்காதீர்கள். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல உலகின் பல மூலைகளின் காற்றழுத்தம், வெப்பம், மழை எல்லாவற்றோடும் ஒட்டுறவு பார்த்தவர். தென் அலைவு என்று இன்று நாம் சொல்வது (பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளுக்கு இடையே காற்றழுத்தம் ஊஞ்சல்போல மாறி மாறி ஏறி இறங்குவது) அந்த உழைப்பில் கிடைத்ததுதான். அத்தனை எண்களைப் பார்த்தவர் என்பதால், நிறையத் தேடினால் அதில் பெரியது தற்செயலாகவே பெரிதாக இருக்கும், அதற்குத் தனி அளவுகோல் வேண்டும் என்று அவரே எழுதினார். சம்பந்தமே இல்லாவிட்டாலும் நூற்றுக்கு ஐந்து தடவை தாண்டும் என்று கோடு வைத்தால், 31 தாமதம் பார்க்கும்போது ஒன்றோ இரண்டோ சும்மாவே அந்தக் கோட்டைத் தாண்டும். உங்களுக்கு ஆறு வாரம் வரை போதும்.

கடைசியாக மோட்டார். மழை பெய்தால் அப்பா தண்ணீர் பாய்ச்ச மாட்டார். பாய்ச்சாவிட்டால் மழை இல்லாமலேயே கிணறு ஏறும். ஒட்டுறவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மோட்டார் ஓடாத நாட்கள் எங்காவது குறித்திருக்கிறதா?

பல்லடத்துக்காரர் எழுதியது:

வைகைக்கரை அக்கா சொன்னதோடு பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் போர்வெல் மட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்து போர்வெல் மட்டத்துக்கும் 0.97 வந்தது. அவர் இறைப்பதால்தான் என்னுடையது இறங்குகிறது என்று நினைத்து, ஒரு வருடம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரி எடுத்து, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்த்தேன். 0.2 கூட இல்லை. சித்திரையில் இருவருக்கும் இறங்குகிறது, கார்த்திகையில் இருவருக்கும் ஏறுகிறது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

முருங்கைக்காடு எழுதியது:

அக்கா, அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. வார இறுதி முழுக்க இதிலேயே இருந்தேன்.

தேதி விஷயம் அப்படியேதான் இருந்தது. அப்பா கிணற்றை ஐந்தரைக்கு அளக்கிறார், மழைமானியை டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் பார்க்கிறார். மழையை ஒரு நாள் முன்னால் நகர்த்திவிட்டேன். வெளியூர் போன 23 நாளைக் காலியாக விட்டேன்.

வாரக் கணக்கில் உயரத்தின் மாற்றத்துக்கும் மழைக்கும்: அதே வாரம் 0.31, ஒரு வாரம் தள்ளி 0.36, இரண்டு வாரம் தள்ளி 0.44, மூன்று வாரம் தள்ளி 0.19, அதற்குமேல் ஒன்றும் இல்லை. 0.96 பார்த்த கண்ணுக்கு 0.44 சிறியதாகத்தான் தெரிந்தது. ஆனால் இந்த எண்ணை என்னால் அப்பாவிடம் சொல்லிப் புரியவைக்க முடிகிறது.

மோட்டார் பற்றிக் கேட்டீர்கள் அக்கா. நோட்டை மறுபடி புரட்டினேன். ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தாக "மோ.இ." என்று அங்கங்கே இருந்தது. எக்ஸெலில் ஏற்றும்போது அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. அப்பாவிடம் கேட்டால், "மோட்டார் இல்லன்னு அர்த்தம், வேற என்ன" என்கிறார். நான்கு நாளுக்குமேல் மோ.இ. இருந்த வாரங்களை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அதே வாரத்து 0.31 குறைந்து 0.12 ஆகிவிட்டது. இரண்டாம் வாரத்து 0.44 மட்டும் 0.41 என்று நிற்கிறது. அப்படியென்றால் மழை பெய்த உடனே கிணறு ஏறியதாக நாங்கள் நினைத்ததில் பெரும்பகுதி மோட்டார் ஓய்ந்ததால்தான்.

இதைச் சொன்னதும் அப்பா, "பெஞ்ச அன்னைக்கே ஏறுனா அது ஊத்து இல்லடா, ஓய்வு. ஊத்துக்கண் தொறக்கப் பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்"என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: முதல் மழைக்குத்தான் அத்தனை நாள், கார்த்திகையில் பெய்தால் நாலாம் நாளே ஏறும். காய்ந்த மண் முதலில் தான் குடிக்கும் இல்லையா. அக்கா, அப்படியென்றால் அக்டோபரையும் நவம்பர் பின்பாதியையும் ஒரே கணக்கில் போட்டது தவறா?

வைகைக்கரை எழுதியது:

தவறு இல்லை தம்பி, ஆனால் அப்பா சொல்வதுதான் சரியான அடுத்த படி. மண் காய்ந்திருக்கும்போது ஒரு தாமதம், ஊறியபின் வேறு தாமதம். இரண்டையும் சேர்த்தால் நடுவில் ஓர் எண் வரும், அது இரண்டுக்குமே பொருந்தாது. தேதியை வைத்துப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் முந்தைய 30 நாள் மழை எவ்வளவு என்று கூட்டி, அதை வைத்துக் காய்ந்த வாரம், ஊறிய வாரம் என்று பிரியுங்கள். பிரித்தபின் ஒவ்வொன்றிலும் அதிகத் தரவு மிஞ்சாது. நான்கு பருவம்தான் கையில் இருக்கிறது. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வருடத்தையும் தனித்தாளில் வரைந்து, மழைக் கம்பும் உயரக் கோடும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கண்ணாலும் பாருங்கள். நான்கிலும் ஒரே மாதிரி தெரிந்தால் நாற்று விடும் தேதியை அதை வைத்து முடிவு செய்யலாம்.

நோட்டில் மூன்றாவது கட்டம் ஒன்று கோடு போட்டுக் கொடுங்கள், மோட்டார் ஓடிய மணி நேரத்துக்கு. ஓரத்தில் பென்சிலில் வேண்டாம்.

முருங்கைக்காடு எழுதியது:

கோடு போட்டாயிற்று அக்கா. இன்று காலை முதல் எண்: நாலரை மணி நேரம்.