ஸ்டென்ட் வைத்து 4 மாதம்: பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தலாமா?

ஈசூன்வாசி:
அப்பாவுக்கு 67 வயது. மாரடைப்பு வந்து, மருந்து பூசிய ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பி வலைக்குழாய்) வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், டிகாக்ரெலார் என்று இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். தேக்கா காப்பிக்கடையில் யாரோ, "ரத்தம் நிக்காது, ஒரு வாரம் மாத்திரைய விட்டுடுங்க" என்றார்களாம். இன்று மாத்திரைப் பெட்டியைத் திறந்தால் திங்கள், செவ்வாய் அறைகள் அப்படியே நிரம்பி இருக்கின்றன. பதறிப்போனேன்.

முன்னாள் தாதி:
முதலில் அவருடைய இதய மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். ஸ்டென்டில் பூசிய மருந்து, குழாய்க்குள் சதை வளர்ந்து மறுபடி அடைக்காமல் தடுக்கிறது. ஆனால் அதே மருந்தால் கம்பிமேல் உட்தோல் மூடவும் தாமதமாகும். அதுவரை வெறும் கம்பியில் ரத்தம் உறையலாம். உறைந்தால் இன்னொரு மாரடைப்புதான். அதனால்தான் மாரடைப்புக்குப் பிறகு இரண்டு மாத்திரையும் பொதுவாக 12 மாதம். பல் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம், அம்மா. இதயத்தில் உறைவதை அப்படி நிறுத்த முடியாது.

பாசிர் ரிஸ் அண்ணன்:
எனக்கும் இரண்டு மாத்திரையோடுதான் பல் எடுத்தார்கள். தையல் போட்டு, அரை மணி நேரம் துணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல் மருத்துவரிடம் மருந்துப் பட்டியலை முன்கூட்டியே காட்டுங்கள்.

ஈசூன்வாசி:
கூப்பிட்டுவிட்டேன். உடனே தொடரச் சொன்னார்கள், விட்டதற்குச் சேர்த்து இரட்டிப்பாகப் போடக் கூடாதாம். அப்பா என் முன்னாலேயே விழுங்கினார். ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்.