கூண்டுக்கு மிரண்ட பெட்டை நாயைப் பிடிக்க வழி தேவை (பாலக்கோடு பக்கம்)

ஊரில் 11 தெருநாய்கள். 10-க்குக் கருத்தடை முடித்து, ரேபிஸ் ஊசி போட்டு, காதில் அடையாள வெட்டோடு அதே தெருவில் விட்டாச்சு. மிச்சம் ஒரே பெட்டை: செம்பழுப்பு, சுமார் 3 வயசு. குட்டிகளுக்கு 9 வாரம், பால்குடி மறந்துவிட்டன. அடுத்த சினைக்கு முன்னால் அறுவை முடிந்தாக வேண்டும்.

கூண்டு 4 அடி நீளம், கதவு மேலிருந்து விழும் வகை. கதவைக் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டி, சோற்றுத் தட்டை நாளுக்கு அரை அடி உள்ளே நகர்த்தினோம். எட்டாம் நாள் பாதி உடம்பு உள்ளே போனபோது காற்றில் கதவு தடதடத்தது. அதோடு சரி. இப்போது கோழிக்குடல் வைத்தாலும் பத்தடி தள்ளி நின்று, மூக்கைத் தூக்கி மோந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. மிதித்தால் கதவை விழவைக்கும் மிதிபலகையைச் சாக்கால் மூடியாச்சு, கூண்டைத் தென்னை ஓலையால் மறைத்தாச்சு. வலைக்கும் தப்பித் தக்காளித் தோட்டத்துக்குள் பாய்ந்தது. இன்னும் துரத்தினால் இடத்தையே மாற்றிவிடும்.

சோற்றில் மயக்க மாத்திரை மட்டும் சொல்லாதீங்க. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள், அரை மயக்கத்தில் ஓடி விழுந்தால் உயிர் போய்விடும்.

குட்டிகளை உள்ளே வைத்துத் தாயைப் பிடித்தவர்கள் யாராவது இருக்கீங்களா, கதவு விழும்போது குட்டிகளுக்கு அடிபடாமல் எப்படித் தடுத்து வைத்தீங்க?