புதுப்பிப்பு: 300 மெகாபிட் திட்டம், 94-க்கு மேல் ஏறாத வேகம் (தீர்ந்தது)

வீட்டு இணையத் திட்டம் 300 மெகாபிட் என்றாலும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேபிளைச் சோதிக்கச் சொன்னவர் கணிப்புதான் சரி. ஓஎன்டி பெட்டியிலிருந்து (ஃபைபர் இணைப்பு வீட்டில் வந்து சேரும் பெட்டி) ரவுட்டருக்குப் போகும் லேன் கேபிளின் ஆர்ஜே45 முனையில் (எட்டுக் கம்பிகள் பதியும் பிளாஸ்டிக் செருகி) 7-ஆவது கம்பி சரியாகப் பதியவில்லை. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வைஃபையும் இதே கேபிளைத் தாண்டித்தான் வருகிறது. வைஃபையை வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றியும் பலனில்லாமல் போனது அதனால்தான்.

முனையை வெட்டிப் புதிய செருகியைக் கிரிம்ப் செய்த (அழுத்திப் பொருத்திய) பிறகும் அதே 94! எதிர்பாராதது இதுதான்: ஓஎன்டியின் நான்கு போர்ட்டுகளில் முதலாவது மட்டுமே கிகாபிட், கேபிள் செருகியிருந்தது மூன்றாவதில். மாற்றியதும் 290.

டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) மாற்றம் இந்த வகைக் கோளாறுக்கு உதவாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) போர்ட், அதாவது ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளைச் செருகும் இடத்தின் வேகம் 100 என்று காட்டினால் கேபிளையும் போர்ட்டையும் முதலில் பாருங்கள்.