போட்டோஷாப் விரல்பழக்கம், கிம்ப் 2.10

கேள்வி: போட்டோஷாப்பிலிருந்து கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டருக்கு வந்தேன். இங்கே கண்ட்ரோல்+ஜே அழுத்தினால் லேயர் நகலாகவில்லை, விண்டோ அளவுதான் மாறுகிறது. கண்ட்ரோல்+டி போட்டால் செலக்‌ஷன் போகாமல் படமே இன்னொரு பிரதியாகத் திறக்கிறது. பழைய கீகளையே வைக்க முடியுமா?

பதில் 1: முடியும். எடிட் மெனுவில் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் திறந்து, தேடல் பெட்டியில் "டூப்ளிகேட் லேயர்" என ஆங்கிலத்தில் தேடுங்கள். வரியைக் கிளிக் செய்து கண்ட்ரோல்+ஜே அழுத்துங்கள். அந்தக் கீ வேறு வேலையில் இருப்பதாக எச்சரிக்கும், ரீஅசைன் கொடுங்கள். செலக்‌ஷன் நீக்க 'நன்' (None) கட்டளைக்குக் கண்ட்ரோல்+டி. பிரஷ் இங்கே B அல்ல, P. B அழுத்தினால் பாத்ஸ் டூல் வரும். மூவ் டூல் M. பிரஷ் அளவுக்கான சதுர அடைப்புக்குறிகளைத் தொட வேண்டாம், இரண்டிலும் ஒன்றே.

பதில் 2: கண்ட்ரோல்+ஈ-யை முதலில் மாற்றுங்கள், அதுதான் ஆபத்து. லேயரை இணைக்கிற நினைப்பில் அழுத்துவீர்கள், இங்கே அது எக்ஸ்போர்ட். ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்த படமென்றால் கேட்காமலே அந்த ஜேபெக் மேல் எழுதிவிடும். எல்லாம் முடிந்ததும், ஷார்ட்கட்கள் சேமிக்கப்படும் 'மெனுஆர்சி' (menurc) கோப்பை நகலெடுத்து வையுங்கள். வேறு கணினியில் போடும்போது கிம்ப் மூடியிருக்கட்டும். திறந்திருந்தால் மூடும்போது பழையதையே திரும்ப எழுதும்.