லிப்யூஎஸ்பி: சாதனத்தைத் திறக்க ஒற்றை ஃபங்ஷன் போதுமா?

ஆய்வகத்தான்:
மாணவர்களுக்கான சி மொழிக் கையேட்டில், யூஎஸ்பி சாதனத்தைத் திறக்க, லிப்யூஎஸ்பி என்ற நிரல் நூலகத்தின் ஒற்றை ஃபங்ஷனையே வைத்திருக்கிறேன். தயாரிப்பாளரைக் குறிக்கும் வெண்டர் எண்ணையும் பொருளைக் குறிக்கும் புராடக்ட் எண்ணையும் கொடுத்தால், திறந்த சாதனத்தைக் கையாளும் பிடியான ஹேண்டிலை அது நேரே தந்துவிடும். அதை நீக்கிவிட்டு, சாதனப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் டிஸ்கிரிப்டரையும் (சாதனத்தின் விவரக் குறிப்பு) படித்து, ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (சாதனப் பதிவை எத்தனை இடங்கள் பிடித்து வைத்திருக்கின்றன என்ற கணக்கு; அது பூச்சியமானால் பதிவு அழிந்துவிடும்) கூட்டிக் குறைக்கும் நீண்ட வழியைக் கற்பிக்க வேண்டும் என்று உடன் பணிபுரிபவர் வற்புறுத்துகிறார். எனக்கு உடன்பாடில்லை. அந்த ஃபங்ஷனும் உள்ளே இதே பட்டியலைத்தான் எடுக்கிறது. பொருந்தும் முதல் சாதனத்தைத் திறந்த பிறகே பட்டியலை விடுவிக்கிறது. நூலகம் சரியாகச் செய்து வைத்திருப்பதை மாணவர்கள் பிழையோடு மறுபடி எழுத வேண்டியதில்லை.

செம்பருத்தி:
'பொருந்தும் முதல் சாதனம்' என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது, ஐயா. யூஎஸ்பியைச் சீரியல் இணைப்பாக மாற்றும் எஃப்டி232 சில்லு பொருத்திய பற்பல சீரியல் பலகைகள் 0403, 6001 என்ற ஒரே எண் இணையுடன் வருகின்றன. அவற்றில் இரண்டை ஒரே கணினியில் செருகினால் எது திறக்கும் என்பது உங்கள் நிரலின் கையில் இல்லை. உண்மையான பயன்பாடுகளுக்கு இந்த ஃபங்ஷன் உரியதன்று என்று நூலகத்தின் ஆவணமே கூறுகிறது.

ஆய்வகத்தான்:
எங்கள் ஆய்வகத்தில் ஒரு மேசைக்கு ஒரே பலகைதான். நான் அஞ்சுவது வேறொன்று. பட்டியலை விடுவிக்கும்போது இரண்டாவது மதிப்பாக 1 கொடுத்தால் ஒவ்வொரு சாதனத்தின் எண்ணிக்கையும் ஒன்று குறையும். அதற்கு முன் சாதனத்தின் பாயின்டரை (நினைவக முகவரி) மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னர் அதைத் திறக்க முயலும் மாணவரை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

நினைவகம்:
அதே பிழையை நானும் செய்திருக்கிறேன். அது பல வாரங்கள் வெளியே தெரியவில்லை. சாதனம் செருகப்படுவதையும் பிடுங்கப்படுவதையும் உடனே அறியும் ஹாட்பிளக் வசதியுடன் லினக்ஸில் இயங்கும்போது, சாதனம் செருகியிருக்கும் வரை நூலகமே தனக்கென ஒரு ரெஃபரன்ஸை வைத்திருப்பதால், நான் உரிமையின்றி வைத்திருந்த பாயின்டரும் செல்லுபடியாவதைப் போலவே நடந்துகொண்டது. கேபிளைப் பிடுங்கிய அன்றுதான் நிரல் விழுந்தது. இந்தப் பிழையை மாணவர் ஆய்வகத்திலேயே, அருகில் ஆசிரியர் இருக்கும்போதே சந்திப்பது நல்லது. திறப்பதற்கு முன் விடுவிக்காதே என்பதே முதல் விதி. திறக்கும்போது ஹேண்டில் தனக்கென ஒரு ரெஃபரன்ஸை எடுத்துக்கொள்கிறது, மூடும்போது அதைத் திருப்பித் தருகிறது. ஆகவே திறந்த பின் பட்டியலைத் தயங்காமல் விடலாம்.

செம்பருத்தி:
ஒரே பலகை இருக்கும் மேசையிலும் அந்த ஃபங்ஷன் மாணவரைத் திசைதிருப்புகிறது. சாதனம் செருகப்படாவிட்டாலும், லினக்ஸில் சாதன அனுமதியை வரையறுக்கும் யூடெவ் விதி எழுதாததால் அனுமதி மறுக்கப்பட்டாலும், அது தருவது எதையும் சுட்டாத ஒரே நல் (NULL) பாயின்டரைத்தான். பட்டியல் வழியில் சாதனம் இல்லையென்றால் பட்டியலிலேயே தெரிந்துவிடும். அனுமதி இல்லையென்றால் திறக்கும் ஃபங்ஷன் -3 என்ற பிழை எண்ணைத் திருப்பும். கேபிளை மாற்றி மாற்றிச் செருகி மாணவர் ஒரு மணி நேரத்தை இழக்க வேண்டாமே.

ஆய்வகத்தான்:
இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அனுமதிச் சிக்கல் ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளிலும் எங்களுக்கு நேர்கிறது. பட்டியல் வழியை முதல் பயிற்சியாக வைக்கிறேன். ஆனால் பாயின்டரைத் தனியே சேமித்து, ரெஃபரன்ஸை நாமே கூட்டும் பகுதியை மூன்றாம் பயிற்சிக்குத் தள்ளுவேன். முதல் நாளில் ஹேண்டில் ஒன்றையே மாணவர் வைத்திருக்கட்டும். சாதனம் வேண்டுமென்றால் ஹேண்டிலிடமே கேட்டுப் பெறலாம், அதனால் எண்ணிக்கை மாறாது.

நினைவகம்:
தள்ளுவதை நான் ஏற்கவில்லை. பட்டியலை விடுவிக்கும் வரியில் 1 என்று மாணவர் எழுதும் கணத்திலேயே, எதை யார் விடுகிறார் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அந்த 1-இன் பொருளை அன்றே சொல்லிவிடுங்கள்.