உள்ளீட்டு ஸ்விட்ச்: அரை டெசிபல் போகுமா, போகாதா?

டர்பன்_ஆண்டெனா: நேற்று நம்ம சாட்ஸ்வொர்த் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம், 1575 ஜிபிஎஸ், 2400 வைஃபை மூன்றுக்கும் ஒரே ட்யூனபிள் எல்என்ஏ (ஆண்டெனாவின் பலவீனமான சிக்னலை இரைச்சல் அதிகம் சேர்க்காமல் பெருக்கும் முதல் பெருக்கி) போதுமாம். உள்ளீட்டில் ஸ்விட்ச் வைத்து கெப்பாசிட்டரை மாற்றி, வேண்டிய அலைவரிசைக்கு ட்யூன் செய்தால் ஆயிற்றாம்! சிக்னல் அந்த ஸ்விட்சில் அரை டெசிபல் இழந்தால் இரைச்சல் எண் (ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) அப்படியே அரை டெசிபல் ஏறும். முதல் படியில் விட்டதைப் பின்னால் எவனாலும் மீட்க முடியாது. அடுத்தடுத்த படிகளின் மொத்த இரைச்சலைக் கணக்கிடும் ஃப்ரீஸ் சூத்திரம் படித்தவனுக்குத் தெரியும்.

சாட்ஸ்வொர்த்_சால்டர்: படித்துவிட்டுத்தான் எழுதினேன் அண்ணா. ஸ்விட்ச் டிரான்சிஸ்டரை அகலமாக்கினால் மின்தடை குறையும். அரை டெசிபல் எங்கிருந்து வந்தது?

டர்பன்_ஆண்டெனா: அகலமாக்கு, நன்றாக அகலமாக்கு. அணைத்த பிறகும் அதன் கொள்ளளவு ஒட்டிக்கொண்டு 2400-ஐக் கீழே இழுக்கும். ட்யூனிங்கை வெளியீட்டுச் சுமையில் வை. முன்னால் 15 டெசிபல் பெருக்கம் இருப்பதால் அங்கே வரும் இரைச்சல் முப்பதில் ஒரு பங்காகிவிடும்.

ஃபீனிக்ஸ்_பையன்: ட்யூனபிள் என்று எதைச் சொல்கிறீர்கள்? படிப்படியாகவா, வராக்டர் (மின்னழுத்தத்தால் கொள்ளளவு மாறும் டையோடு) வைத்துத் தொடர்ச்சியாகவா?

டர்பன்_ஆண்டெனா: அது கிடக்கட்டும். அரை டெசிபலுக்குப் பதில் வரட்டும்.

சாட்ஸ்வொர்த்_சால்டர்: வெளியீட்டை மட்டும் ட்யூன் செய்தால் உள்ளீட்டுப் பொருத்தம் (ஆண்டெனாவும் பெருக்கியும் ஒத்துப்போவது) என்ன ஆகும்? 2400-க்குக் கட்டிய சுருள் 900-இல் சிக்னலைத் திருப்பி அனுப்பும். அரை டெசிபலுக்கு அழுபவர் அதற்கு ஏன் அழவில்லை?

ஜோபர்க்_மாமா: இரண்டும் வேண்டாம். இரைச்சலை இரைச்சலே அடிக்கும் அகலப்பட்டைப் பெருக்கி வந்து இருபது வருஷமாகிறது.

டர்பன்_ஆண்டெனா: வந்தாரய்யா! வடிகட்டி இல்லாத இடத்தில் ஜிஎஸ்எம் சோதனையின் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்) குறுக்கீடு வந்தால் உங்கள் பெருக்கி செவிடாகிவிடும் மாமா. காரூவில் இருக்கும் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 64 தட்டுகளிலும் பட்டைக்கொரு ரிசீவர். அவர்களுக்குத் தெரியாததா?

சாட்ஸ்வொர்த்_சால்டர்: அது குளிரூட்டிய ரிசீவர் அண்ணா. போனைப் பிரிட்ஜிலா வைப்பீர்கள்? என் போர்டில் ஏற்றம் அரை டெசிபலே இல்லை. அளந்துவிட்டேன்.

டர்பன்_ஆண்டெனா: எதை வைத்து அளந்தாய்? எட்டு மாதம் முன்பு என்னிடம் வாங்கிப்போன நாய்ஸ் சோர்ஸை (அளவு தெரிந்த இரைச்சலைத் தரும் கருவி) வைத்தா?

சாட்ஸ்வொர்த்_சால்டர்: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? காவடிக்கு வரும்போது தருகிறேன்.

ஜோபர்க்_மாமா: எந்த வருஷக் காவடி?

டர்பன்_ஆண்டெனா: கொண்டு வரட்டும் மாமா. அரை டெசிபல்தான் காட்டும்.